மண்டோர் வாங்காத பிஸ்கட்

நாய்களுக்குப் பலகாரம் சுடும் தொழிலில் ஒரு வசதி உண்டு: தின்கிறவர் குறை சொல்வதில்லை. வாங்குகிறவர் இருவர் பங்குக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவார்.

வீட்டு அடுப்பில் எதையாவது செய்து வெளியாருக்கு விற்றுப் பார்த்தவர்களுக்கு என் நிலைமையை விளக்க வேண்டியதில்லை. முறுக்கு விற்றவர், ஊறுகாய் விற்றவர், கேக் விற்றவர் எல்லாரும் என் கட்சிதான். பதம் தப்பினால் ஒரு துன்பம். தப்பாவிட்டால் 'போன தடவை மாதிரி இல்லையே' என்று வேறொரு துன்பம். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு என் கை சும்மா இருக்க மறுத்தது. அந்தச் சமயத்தில் கிள்ளானில் இருக்கும் மகளின் நாய்க்குத் தோலில் புண் வந்தது. பொட்டலத் தீனியை நிறுத்துமாறு மிருக வைத்தியர் சொன்னார். உப்பும் சர்க்கரையும் இன்றி, வெங்காயமும் பூண்டும் படாமல் ஒரு பிஸ்கட் சுட்டு அனுப்பினேன். புண் ஆறியது, செய்தி பரவியது. அன்று முதல் எனக்கு உட்கார நேரமில்லை. நேரம் கிடைத்தாலும் உட்கார முடிவதில்லை என்பது வேறு விஷயம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எனக்கு நாய்கள்மீது தனிப் பிரியம் கிடையாது; பகையும் கிடையாது. ஒரு வேலையைச் சரியாகச் செய்வதற்குப் பிரியம் தேவை என்று நான் எங்கும் படித்ததில்லை.

சைவ வீட்டு ஈரல்

புக்கிட் பெலிம்பிங்கில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் முட்டைகூட நுழைந்ததில்லை. பூசணிக்காயும் அரிசிமாவும் சேர்த்து நான் முதலில் சுட்டதை மகளின் நாய் வேறு வழியின்றித் தின்றது. மற்ற நாய்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஈரல் சேர்த்தாலன்றி வியாபாரம் நடக்காது என்று தெரிந்ததும் ஓவனைப் பின்கட்டுக் கொட்டகைக்கு மாற்றினேன். ஈரலைக் கழுவி நறுக்க ஓர் ஆள் தேவை என்று தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்தேன். பிலோமினா வந்து சேர்ந்தாள்.

உள்ளே தள்ளியிருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் பிறந்து, அங்கேயே திருமணமாகி, அங்கேயே கணவனைப் புதைத்தவள் அவள். தாமான் எனும் புதுக் குடியிருப்பு கட்டுவதற்காகத் தோட்டம் விற்கப்பட்டதால் மகனோடு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்திருந்தாள். அங்கே நாய்க்கு அனுமதி இல்லை. அவளுடைய நாய் ஆளில்லாத லயத்திலேயே தங்கிவிட்டது. அதன் பெயர் மண்டோர். தோட்டத்தில் வேலையாட்களை மேய்ப்பவருக்கு மண்டோர் என்று பெயர். இந்த நாயும் தினமும் காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு முன்னால் நடந்து, பின்தங்கியவர்களைத் திரும்பிப் பார்த்துக் குரைக்குமாம். தீபாவளி கழிந்ததும் லயத்தை இடிக்கப் போகிறார்கள். எஞ்சியிருக்கும் நாய்களைப் பிடித்துக்கொண்டு போக ஆள் வரும். இவ்வளவையும் அவள் ஈரலை நறுக்கிக்கொண்டே சொன்னாள். சம்பளம் என்ன எதிர்பார்க்கிறாய் என்று கேட்டேன்.

"அத நீங்க பாத்துக் குடுங்க டீச்சர். ஒடஞ்ச பிஸ்கட்ட மட்டும் எனக்கு விட்ருங்க. தீவாளிக்குள்ள அவன எப்டியாச்சும் அங்கேருந்து வெளிய கொண்டாந்துடணும்."

பழைய மாணவி

தர்ஷினி என் வகுப்பில் படித்தவள். இப்போது கோலாசிலாங்கூரில் ஒரு வங்கியில் வேலை. வெள்ளைப் பஞ்சு போன்ற ஒரு சிறு நாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறந்தநாளாம். "டீச்சர், இதுல குளூட்டன் இருக்கா? பேபிக்கு அலர்ஜி லா" என்றாள். அரிசிமாவில் சுட்டது, கோதுமை கிடையாது என்றேன். பால்? இல்லை. நிறமூட்டி? இல்லை. இந்த விசாரணை நடந்துகொண்டிருந்தபோது, கீழே இறக்கிவிடப்பட்ட பேபி வாசல் கேட்டின் ஓரமிருந்த சாக்கடைக்குப் பக்கத்தில் யாரோ எறிந்துவிட்டுப் போன பாதிக் கறிபாப் பலகாரத்தைக் கண்டுபிடித்துத் தின்று முடித்திருந்தது. சுட்டிக் காட்டினேன். "இன்னிக்கு அவளோட சீட் டே, டயட் கெடையாது டீச்சர்" என்று சமாளித்தாள்.

அடுத்த வாரம் புகாரோடு வந்தாள். பிஸ்கட் மிகவும் கெட்டி. பேபி அதைக் கடிப்பதற்குப் பதிலாகத் தரையில் உருட்டி விளையாடுகிறது. ஆற்றுமுகத்திலிருந்து வரும் ஈரக்காற்றைப் பற்றியும், ஒருமுறை சுட்டதோடு நிறுத்தினால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதையும், அதனால் இரண்டாம் முறை மெல்லிய சூட்டில் உலர்த்த வேண்டியிருப்பதையும் அவளுக்கு முறையாக விளக்கினேன். பதினோராம் வாய்ப்பாட்டைக் கேட்ட அதே முகத்தோடு கேட்டுக்கொண்டாள். போகும்போது இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு, கார்க் கண்ணாடியைப் பாதி இறக்கிச் சொன்னாள்.

"நீங்க பேப்பர் திருத்துன மாதிரியேதான் டீச்சர் பிஸ்கட்டும் இருக்கு. எங்கயும் கொஞ்சங்கூட இளகல."

கோபம் யார்மேல்

பிலோமினா உடைந்த பிஸ்கட்டுகளைப் பையில் கட்டிக்கொண்டு வேலை முடிந்ததும் பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போவாள். மறுநாள் காலை அவள் ஈரல் நறுக்கும் சத்தத்திலிருந்தே முந்தைய மாலை என்ன நடந்தது என்பது எனக்குத் தெரிந்துவிடும். நாய் வரவில்லை. நான் எதுவும் கேட்பதில்லை. ஆனால் அவள் வரும் நேரத்துக்கு முன்பே கேட்டுக்கும் கொட்டகைக்குமாக நடக்கத் தொடங்கியிருந்தேன். மாவைப் பிசைந்து வைத்துவிட்டு, பிசைந்தது போதாது என்று மீண்டும் பிசைவேன். கடைசியில், என் பிஸ்கட்டை ஒரு நாய் மறுக்கிறது என்றால் அதன் காரணத்தை நேரில் அறிவது என் கடமை என்று சொல்லிக்கொண்டு, ஒரு டாக்சி பிடித்து அவளோடு புறப்பட்டேன்.

லயத்தின் கூரைத் தகரங்களையும் கதவுகளையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பொதுக் குழாயடிக்கு அப்பால், சாக்கடைக்கு மறுகரையில் ஒரு பழுப்பு நாய் நின்றது. ஒரு காது கிழிந்திருந்தது. பிலோமினா குந்தி உட்கார்ந்து, பிஸ்கட்டை உள்ளங்கையில் ஏந்தி, "வாடா கண்ணு, வாடா என் தங்கம், அம்மா வந்திருக்கேன்ல" என்று தேன் ஒழுகக் கூப்பிட்டாள். நாய் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலும் பின்வாங்கியது. பிஸ்கட்டைத் தரையில் வைத்துவிட்டுச் சாலைவரை நடந்து வந்து திரும்பிப் பார்த்தோம். நாய் சாவகாசமாக வந்து ஒரு துணுக்கு விடாமல் தின்றது. சரக்கில் குற்றமில்லை என்பது உறுதியாயிற்று.

திரும்பும் வழியில் பிலோமினா உண்மையைச் சொன்னாள். வீடு காலி செய்த அன்று, லோரிக்குப் பின்னால் ஓடி வந்துவிடக் கூடாதே என்று அதை அடுப்படியில் வைத்துப் பூட்டிவிட்டாள். தோட்டத்துக் காவலாளி மறுநாள் திறந்துவிட்டு, தானே வளர்ப்பதாகச் சொல்லியிருந்தான்; நாய் அவனிடமும் தங்கவில்லை. சரி, நாய் வந்தால் அதை எங்கே வைப்பாய் என்று கேட்டேன். என் பின்கட்டில் இடம் இருக்கிறது, வேறு ஏற்பாடு ஆகும்வரை அங்கே கிடக்கலாம் என்றேன். இதை நான் நாய் வளர்ப்பதாக யாரும் அர்த்தப்படுத்திக்கொள்ள வேண்டாம் என்பதையும் அப்போதே தெளிவுபடுத்தினேன். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பிஸ்கட்டு மேல கோவம் இல்ல டீச்சர். கோவம் எம்மேல."

மீன்காரர் ஆலோசனை

செகிஞ்சானில் மீன் வியாபாரம் செய்யும் திரு. லிம் என் நெடுநாள் வாடிக்கையாளர். அவருடைய தந்தை தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்ததால் அவர் பேசுவது அசல் தோட்டத் தமிழ். உப்புப் போடாமல் காயவைத்த நெத்திலியை எனக்குக் கொண்டுவந்து தருவார். தம் படகுத்துறை நாய்க்குப் பிஸ்கட் வாங்கிப் போவார். மண்டோர் கதையைக் கேட்டதும் அவருக்கு ஒரே உற்சாகம். "நாயிக்கு மூக்குதான் டீச்சர் முக்கியம். வாசன பத்தல. மீன அள்ளிப் போடுங்க, தன்னால வரும்" என்றார்.

நானும் போட்டேன். நெத்திலிப் பொடி, மீன்தலைப் பொடி, ஈரலோடு நெத்திலி, நெத்திலியோடு முட்டை என்று தட்டுத் தட்டாகச் சுட்டோம். தெரு முழுக்க நாற்றம். இரண்டு முறை குளித்தும் என் சேலையிலிருந்து அது போகவில்லை. வெளியூர் ஆர்டர்கள் பொட்டலம் கட்டப்படாமல் கிடக்க, நானும் பிலோமினாவும் ஒரு நாய்க்காக அடுப்படியில் நின்றோம். அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு தட்டைக் கருக்கினாள். அவளைக் கண்டித்துவிட்டு நான் இன்னொன்றைக் கருக்கினேன். இதற்கிடையே பக்கத்து வீடுகளில் தீபாவளிப் பலகாரம் தொடங்கிவிட்டது. முறுக்கு மணம் மதிலைத் தாண்டி வரும்போதெல்லாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தவிர்த்தோம்.

மீன் பிஸ்கட்டையும் மண்டோர் நாங்கள் விலகிப் போன பிறகே தின்றது. ஆலோசனை பலிக்கவில்லை என்று திரு. லிம்மிடம் கறாராகத் தெரிவித்தேன். அவர் சிறிதும் வெட்கப்படவில்லை.

"எங்க வீட்டுலயும் அப்டித்தான் டீச்சர். கோவம் வந்தா என் பொண்டாட்டி சாப்பாட்ட நிறுத்தமாட்டா, பேச்சத்தான் நிறுத்துவா."

பைரவருக்கு மாலை

தேய்பிறை அஷ்டமியில் பைரவருக்கு மிளகு வடை மாலை சாத்துவதும், அவருடைய வாகனம் என்பதால் ஒரு நாய்க்கும் வடை மாலை போட்டு உண்ணக் கொடுப்பதும் எங்கள் பக்கத்துக் கோயிலில் வழக்கம். சென்ற முறை மாலை போட்டுக்கொண்ட நாய் மிளகுக் காரம் தாங்காமல் தும்மியபடி கோயிலை வலம் வந்ததாம். பக்தர்கள் அதைப் பிரதட்சிணம் என்று எண்ணிக் கும்பிட்டிருக்கிறார்கள். இம்முறை நாய்க்கு மட்டும் பிஸ்கட் மாலை செய்து தர முடியுமா என்று கோயில் பொருளாளர் வந்து கேட்டார். நடுவில் துளை வேண்டும், நூலில் கோக்க வேண்டும். "செய்கிறேன். ஆனால் இது சாமிக்குப் படைத்துவிட்டு நாய்க்குக் கொடுப்பதா, நேராக நாய்க்கா?" என்று கேட்டேன். படைத்த பிறகுதான் என்றார். அப்படியானால் ஈரல் கூடாது. பூசணியும் நிலக்கடலையும் எள்ளும் சேர்த்துச் சுத்த சைவமாகச் செய்து கொடுத்தேன்.

நாய் மாலையை முகர்ந்து பார்த்துவிட்டு அதன்மேலேயே படுத்துக்கொண்டது. அர்ச்சகர் காத்திருந்தார், கூட்டமும் காத்திருந்தது. பொருளாளர் என் கையிலிருந்த பையைப் பார்த்தார். பூசை முடிந்ததும் தோட்டத்துக்குக் கொண்டுபோக வைத்திருந்த, மண்டோருக்கான ஈரல் பிஸ்கட் அது. என்னை ஓரமாக அழைத்து, "டீச்சர், வாகனத்துக்கு அசைவம் புடிச்சா அது சாமிக்கும் வாகனத்துக்கும் உள்ள விவகாரம், கமிட்டிக்கு எதுக்குத் தெரியணும்?" என்று கிசுகிசுத்தார். நாயைக் கார் நிறுத்துமிடத்துக்கு அழைத்துப் போனார்கள். சடங்கு நல்லபடியாக நிறைவேறியது.

நான் வேண்டுதல் எதுவும் வைக்கவில்லை. ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகும் பிலோமினா, செருப்பைக் கழற்றிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பைரவர் எதிரில் வெகுநேரம் நின்றாள். நீ எப்போதிலிருந்து இங்கே, என்று கேட்டேன்.

"எங்காண்டவரு ஆடு மேய்க்கிறவரு டீச்சர். நாயப் பத்தி நல்லாத் தெரிஞ்சவரு இவருதான்."

தீபாவளிக்கு மறுநாள்

தீபாவளியன்று பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து போனார்கள். இலை போட்டேன், ஆசி வழங்கினேன். மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. மறுநாள் மதியம் திரு. லிம் மண்டோரை ஏற்றிவர, மீனை இறக்கிவிட்டுக் காலிப் பெட்டிகள் கிடந்த லோரியோடு வந்தார். நாங்கள் மூவரும் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. குழாயடியில் ஒரு மஞ்சள் மண்வாரி இயந்திரம் நின்றது. குடையோடு நின்ற குத்தகைக்காரரின் ஆள், நாளைக் காலையில் இடிப்பு வேலை தொடங்குகிறது என்றும், நாய் பிடிப்பவர்கள் இன்று மாலையே வருகிறார்கள் என்றும் சொன்னான்.

மண்டோர் வழக்கம்போல் சாக்கடைக்கு மறுகரையில். பிலோமினா குந்தினாள். கண்ணே என்றாள், ராசா என்றாள், செல்லம் என்றாள். வேத புத்தகத்தில் வரும் பெயர்களைக்கூட விட்டுவைக்கவில்லை. பிஸ்கட் அவள் உள்ளங்கையில் நனைந்து கூழாயிற்று. நாய் அசையவில்லை. வெகுநேரம் கழித்து, நியாயமாகத் தோன்றிய ஒன்றை நான் சொன்னேன்: "போதும், பிலோமினா. உன்னால் இயன்றதைச் செய்துவிட்டாய். வராததை நினைத்து நனைவதில் பயனில்லை. கிளம்பு."

அவள் எழுந்து நின்றாள். நாயிடம் திரும்பவில்லை, என்னிடம் திரும்பினாள்.

"என்னா போதும்? எது போதும்? ஒங்களுக்கு மாவுப் பதம் தெரியும், பாகுப் பதம் தெரியும், ஒரு உசுரு பதறுற பதம் தெரியுமா? எதத் தொட்டாலும் பரிச்ச, எதத் தொட்டாலும் மார்க்கு. இத்தன நாளா வர்றீங்களே, ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி 'மண்டோரு'ன்னு வாயத் தொறந்து கூப்ட்ருப்பீங்களா? அந்த நாய், அந்த நாய். ஊருல உள்ள நாயிக்கெல்லாம் பிஸ்கட்டு சுடுறீங்க, ஒண்ணையாச்சும் தொட்ருக்கீங்களா நீங்க?"

அது லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு எட்டும் குரல். என் பெற்றோரோ, காலஞ்சென்ற என் கணவரோ, கல்வி இலாகா அதிகாரிகளோ என்னிடம் அப்படிப் பேசியதில்லை. வசவிலும் அவள் மரியாதைப் பன்மையை விடவில்லை என்பதை மட்டும் கவனித்தேன். திரு. லிம் லோரி எஞ்சினை அணைத்தார். நன்றாகக் கேட்க வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருந்திருக்க முடியாது.

அவள் மேலும் மேலும் பொழிந்துகொண்டிருந்தபோது மண்டோர் சாக்கடையைத் தாண்டியது. காதுகளை மடித்து, வாலைத் தாழ்த்தி, சேற்றில் நடந்து வந்து அவள் காலோடு ஒட்டி உட்கார்ந்தது. அந்த லயத்தில் இத்தனை ஆண்டுகளும் அவள் அதைக் கூப்பிட்டது இந்தக் குரலில்தான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. கண்ணே, தங்கமே என்று குழைந்த பெண் யாரென்றே அதற்குத் தெரியாது. பூட்டிவிட்டுப் போனவள் திரும்பி வந்ததாகவே அது நினைக்கவில்லை. பிலோமினா குனிந்து பார்த்தாள். குரலை இறக்கவில்லை, பாவம், இறக்கப் பயந்தாள். "நீ என்னாடா மொகரயப் பாக்குற? ஏறு வண்டியில. அடுப்படியில படுக்காம இங்க என்னா புடுங்குற?" என்று அதே வேகத்தில் அதன்மேல் திருப்பிவிட்டாள். மண்டோர் மீன்பெட்டிகளுக்கு நடுவே தாவி ஏறியது. அவளும் பின்னால் ஏறி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தை அதன் ஈர மயிரில் புதைத்தபடி, திட்டிக்கொண்டே இருந்தாள்.

மழை வலுத்தது. லோரி பெரிய சாலைக்கு வந்ததும் பின்னாலிருந்து சத்தம் நின்றுபோயிற்று. முன்னிருக்கைக்குப் பின்னால் இருந்த சிறு சன்னல் வழியே திரும்பிப் பார்த்தேன். பிலோமினா என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம் என்று பெருந்தன்மையோடு சொன்னேன்.

"மன்னிப்பு கேக்கல டீச்சர். மூச்சு வாங்குறேன்."

ஈரல், நெத்திலி, பூசணி என்று நான் சுட்ட எதற்கும் மசியாத மண்டோர், நான் வாங்கிக் கட்டிக்கொண்ட வசவுக்கு மசிந்து இப்போது என் பின்கட்டில் படுத்திருப்பதால், என் கொட்டகையில் உற்பத்தியாகும் சரக்குகளிலேயே மிகச் சிறந்ததான பிலோமினாவின் வசவைப் பொட்டலம் கட்டி விற்க மட்டும் எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.